பயர் ஐயா

எங்கள் பிரதேசத்தில் மறைந்துபோன பெரியவர்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் புலவர்களையும் அதிபர்களையும் ஆலிம்களையும் அரசியல்வாதிகளையும் பற்றியவையாகவே இருக்கின்றன. அவர்கள் எழுதப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் தீயணைக்கும் தொழில் செய்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்த ஒருவரைப் பற்றி எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஓர் இலக்கியச் சஞ்சிகையில் அதற்கு என்ன இடம் என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும். ஒரு கவிதை வரியும் எழுதாத அந்த மனிதரிடம் நான் கற்றது, எனது இருபது வருட ஆசிரிய வாழ்க்கையில் வேறெவரிடம் கற்றதையும் விடக் கூடுதலானது. எழுதுவதற்கு எனக்கு அந்தக் காரணம் போதும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை அச்சில் போட வேண்டாம் என்பது பிள்ளைகளின் விருப்பம். ஈச்சிலம்பற்றிலிருந்து தோப்பூர் வரை அவர் பயர் ஐயா. என்னைப் போன்ற தோப்பூர்க்காரருக்கும் அவர் ஐயாதான். அவருக்கு நான், ஆசிரியராக வந்த பிறகும், தம்பிதான். பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் மறக்காமல் 'சேர்' என்பார்.

பிறந்தது 1933 இல். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கியபோது அவருக்கு ஒன்பது வயது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சீனக்குடாப் பக்கம் எழுந்த கரும்புகையைத் தகப்பனின் தோளில் இருந்து பார்த்ததாகச் சொல்வார். அந்தப் புகை ஏழு நாட்கள் நின்றது. மேலே அடுப்பு மூட்டியவன் யாரென்று கிராமத்தார் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். சேதமுற்ற ஜப்பானிய விமானமொன்று நேரே எண்ணெய்த் தாங்கியொன்றின்மீது மோதியது என்பதும், தாங்கியின் உருக்குச் சுவரே உருகி வழிந்தது என்பதும் அவருக்குப் பின்னால்தான் தெரியவந்தன. பிரித்தானியர் கட்டிய 101 தாங்கிகளில் அது ஒன்று. இன்று எஞ்சியிருப்பவை 99.

"ஒரு தாங்கி எரிஞ்சது கதையில்ல தம்பி. பக்கத்தில இருந்ததுகள் எரியாமப் போனதுதான் கதை" என்பார். எரிகிற தாங்கியை அணைக்க முடியாதபோது அதை விட்டுவிட்டு அயலில் உள்ளவற்றைத் தண்ணீரால் குளிரப்பண்ண வேண்டும். எண்ணெய்த் தீக்குள் வெறும் நீரைப் பாய்ச்சினால் அது அடியில் போய்க் கொதித்து ஆவியாகி, மேலே உள்ள எண்ணெயை நெருப்போடு தூக்கி எறியும். அதற்கு நுரைதான் வேண்டும். இதை அவர் விளக்கியது எங்கள் பாடசாலைச் சமையற் கொட்டிலில், தாச்சியையும் தேங்காயெண்ணெயையும் வைத்துக்கொண்டு. எரிகிற தாச்சியில் தண்ணீர் ஊற்றினால் என்ன நடக்கும் என்பதை வாயால் மட்டும் சொன்னார். மூடியைப் போட்டு மூடினால் என்ன நடக்கும் என்பதைச் செய்து காட்டினார்.

பதினெட்டாவது வயதில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் தீயணைப்புப் பிரிவில் கூலியாளாகச் சேர்ந்தார். குழாய் சுருட்டுவதுதான் முதல் வேலை. இரண்டு வருடங்கள் சுருட்டினாராம். ஈரமான கன்வஸ் குழாயைக் காய வைக்காமல் சுருட்டினால் உள்ளே உக்கிப்போகும், தேவைப்படும் நாளில் வெடிக்கும். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனபோது ஆயிரக்கணக்கான தொழிலாளரின் சீவியம் ஆட்டங்கண்டது. திருகோணமலை நகரத்துப் பழைய குடும்பங்களிடம் கேட்டால் அந்த வருடத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஐயா வேலை தேடி அலைந்து, துறைமுகத்தில் ஒட்டிக்கொண்டு, படிப்படியாக மேலேறினார். எழுபதுகளின் நடுவில் வளைகுடாவுக்குப் போய் ஓர் எண்ணெய்த் துறைமுகத்தின் தீயணைப்புப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே அவருக்குக் கீழே வேலை செய்தவர்களில் மலையாளிகளும் பட்டாணியரும் எகிப்தியரும் இருந்தார்களாம். அரபும் உருதும் கலந்து அவர் ஏசுவதைக் கேட்டு எங்கள் மௌலவி ஒருவர் காதைப் பொத்தியதை நான் கண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஊருக்குத் திரும்பினார். எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலம் அது. அவர் வந்த ஊரில் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. யாருடைய வீடுகளை யார் எரித்தார்கள் என்ற கணக்கை இங்கே நான் பார்க்கப்போவதில்லை. அந்தக் கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது, ஒருவருடையது மற்றவருடையதோடு பொருந்துவதுமில்லை. ஐயா செய்தது இவ்வளவுதான்: தனது வளவில் ஆறு பீப்பாக்களில் தண்ணீரும், மணல் வாளிகளும், நனைத்த சாக்குகளும், நீண்ட கம்பில் கட்டிய கொளுக்கியும் வைத்திருந்தார். கூரை பற்றினால் கிடுகை இழுத்து விழுத்துவதற்குத்தான் கொளுக்கி. எங்கு புகை கண்டாலும் விசில் ஊதிக்கொண்டு சைக்கிளில் போவார். முஸ்லிம் வீடா தமிழ் வீடா என்று அவர் கேட்டதில்லை. "எரியிற வீட்டுக்கு முன்னால நிண்டு ஆர் வச்சதெண்டு கேட்டா, கேட்டு முடியமுன்னம் வீடு முடிஞ்சிரும்" என்பார். இதற்காக இரண்டு பக்கத்தாரும் அவரைச் சந்தேகப்பட்டார்கள். ஒரு தடவை கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் மூன்று நாட்கள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். கொண்டுபோனவர்கள் யாரென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அந்த இடத்தில் சமையல் கொட்டில் ஓலைச் சுவரோடு ஒட்டியிருந்ததென்றும், அதைத் தள்ளி அமைக்கச் சொல்லிவிட்டு வந்ததாகவும் மட்டும் சொன்னார்.

நான் அவரைச் சந்தித்தது 2003 இல். சமாதான காலம் என்று பெயரிடப்பட்ட அந்தச் சில வருடங்களில் எனக்கு முதல் நியமனம் ஈச்சிலம்பற்றுப் பகுதியில் கிடைத்தது. அப்போது நான் பயிற்றப்படாத ஆசிரியன். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலைக்குப் போனது ஐந்து வருடங்களுக்குப் பின்னர். பாதிக் கட்டடம், பாதி கிடுகுக் கொட்டில் என்றிருந்த பாடசாலை. வகுப்பறைக் கொட்டிலோடு சமையல் கொட்டிலும் முதுகு சேர்த்து நின்றது. விறகடுப்பில் பெற்றோர் முறை வைத்துச் சமைப்பார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புகை வகுப்புக்குள் வரும். பிள்ளைகள் இருமுவார்கள், நாங்கள் சத்தத்தைக் கூட்டிப் படிப்பிப்போம். அதற்குமேல் எவருக்கும் எதுவும் தோன்றவில்லை.

2004 ஜூலை 16 ஆம் திகதி தமிழ்நாட்டில் கும்பகோணத்துப் பாடசாலையில் தீப்பிடித்தது. மதிய உணவு சமைத்த இடத்துத் தீ ஓலைக் கூரைக்குத் தாவி, மேல்மாடியில் இருந்த சின்னப் பிள்ளைகளை வளைத்துக்கொண்டது. 94 பிள்ளைகள். அன்றிரவு வானொலியில் கேட்டோம். மறுநாள் சனிக்கிழமை. ஞாயிறு கழிந்து திங்கள் காலை, மணி அடிக்குமுன்னரே ஐயா பாடசாலை வாசலில் நின்றார். கையில் அந்தக் கொளுக்கி.

"சேர், இந்தக் கொட்டிலுக்கு இண்டைக்கே ஒரு முடிவு எடுக்கோணும்."

முறைப்படி கடிதம் எழுதி, அனுமதி பெற்று, பிறகு பார்ப்போம் என்றார்கள் பொறுப்பிலிருந்தவர்கள். அவர்களையும் குற்றஞ்சொல்ல ஏலாது. ஓர் ஓலையை அசைப்பதற்கும் கடிதம் தேவைப்படும் உத்தியோகம் இது. ஐயா வாக்குவாதம் செய்யவில்லை. மைதானத்துக்குப் போய் ஒரு பழைய கிடுகை நிறுத்திக் கட்டி, அதன் கீழ்முனையில் நெருப்புக்குச்சியைக் கிழித்து வைத்தார். பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றோம். இருபது வரை எண்ணச் சொன்னார். நாங்கள் பதினொன்றைச் சொல்லுமுன் கிடுகு முழுவதும் எரிந்து கருகி விழுந்தது. பிறகு அதேயளவு கிடுகொன்றைத் தரையில் படுக்க வைத்து மூட்டினார். அது ஆறுதலாக எரிந்தது. நெருப்பு மேல்நோக்கி ஓடும், தரையில் தவழும் என்ற அந்தப் பாடத்தை நான் இன்றும் அப்படியே செய்து காட்டித்தான் படிப்பிக்கிறேன். மத்தியானத்துக்குள் சமையல் கொட்டில் பெற்றோராலேயே பிரிக்கப்பட்டு, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக நாற்பது பாகம் தள்ளிப் போடப்பட்டது. கடிதம் பிறகு எழுதினோம்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வருவார். எந்தச் சம்பளமும் இல்லை. தேநீர்கூடக் குடிக்கமாட்டார், சீனி வருத்தம். விசில் அடித்தால் பிள்ளைகள் புத்தகப் பையைத் தொடாமல், ஓடாமல், முன்னால் போகும் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போக வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பிள்ளைக்குப் பொறுப்பு. மரத்தடியில் பெயர் கூப்பிட வேண்டும். எண்ணிக்கை சரியாக வரும்வரை எவரும் பேசக்கூடாது. "வெளியில வந்ததோட முடியல்ல. ஆர் வரல்லயெண்டு தெரிஞ்சாத்தான் முடியும்" என்பார். இடாப்பு என்பது வரவு அடையாளமிடும் புத்தகம் என்று நினைத்திருந்த எனக்கு, அது எதற்கானது என்று தெரிந்தது அந்தப் புளியமரத்தடியில்தான். பின்னர் கலாசாலையில் கல்வி உளவியல் விரிவுரைகளில் செய்து கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். எனக்கு அதில் புதிதாக ஒன்றுமிருக்கவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் குப்பிலாம்பு. மின்சாரம் எட்டாத எங்கள் கிராமங்களில் மருந்துப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் திரி போட்டு எரிப்பதுதான் வழக்கம். காற்றடித்தால், பூனை தட்டினால், பிள்ளை புரண்டு படுத்தால் விளக்குச் சரியும், மண்ணெண்ணெய் பாயில் ஓடும். அவருடைய தங்கை ஒருத்தி அப்படித்தான் இறந்தாள் என்று ஒரேயொரு தடவை சொன்னார். அவளுக்கு ஏழு வயது. அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர என்பவர், இப்படி எரிந்து வந்த நோயாளர்களை வைத்தியசாலையில் பார்த்துப் பார்த்து, சரியாத விளக்கொன்றை வடிவமைத்தார். குட்டையானது, கனமானது, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையானது, எண்ணெய் சிந்தாதபடி முறுக்கி மூடும் உலோக மூடியுள்ளது. மார்மைற் போத்தலைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. 1998 இல் அதற்காக ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை ஐயா வெட்டி, மடித்து, அடையாள அட்டையோடு வைத்திருந்தார். பிறகு மார்மைற் போத்தல் சேர்க்கத் தொடங்கினார். மூதூர்க் கடைகள், ஆஸ்பத்திரி, தெரிந்தவர் வீடு ஒன்றையும் விடவில்லை. தகர வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து மூடிக்குத் திரிக்குழாய் ஒட்டுவித்தார். ஒரு விளக்குக் கொடுத்தால் பழைய குப்பிலாம்பை வாங்கி, அவர்கள் கண்முன்னாலேயே உடைப்பார். உடைக்காமல் விட்டால் சமையலறைக்குப் போய்விடும் என்பது அவர் கணக்கு. சுட்ட புண்ணில் பற்பசை, கோழிமுட்டை, மை என்று பூசுகிறவர்களோடு அவர் போட்ட சண்டைகள் தனிக் கதை. இருபது நிமிடம் ஓடுகிற நல்ல தண்ணீர், வேறொன்றும் வேண்டாம் என்பதை ஒரு மந்திரம்போலச் சொல்லித் திரிந்தார்.

சேனை எரிக்கும் காலத்திலும் அவருக்கு நித்திரையில்லை. ஆவணியில் காடு காய்ந்து கிடக்கும். வெருகல் பக்கத்து வேடர் குடும்பங்கள் பந்தம் பிடித்துத் தேன் எடுக்கப் போகும் காலமும் அதுதான். தேன் எடுக்க வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அவர்களோடு காட்டுக்குப் போய், பந்தத்தை எங்கே தட்ட வேண்டும், எப்படி மண்ணில் புதைக்க வேண்டும் என்று பார்த்தார். அவர்கள் அவருக்குக் காற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். சேனைக்காரருக்கு வரம்புபோலத் தீத்தடை வெட்டவும், காற்றின் எதிர்ப்பக்கத்திலிருந்து கொளுத்தி வரவும் பழக்கினார். இந்த வேலைகளில் அவரோடு திரிந்த பொடியன்கள் பத்துப் பதினைந்து பேர். பாடசாலையை விட்டு விலகி, எந்தப் பக்கத்திலாவது இழுபட்டுப் போயிருக்கக்கூடிய வயதினர். குழாய் இல்லாத ஊரில் கயிற்றைக் கொண்டு குழாய் சுருட்டப் பழக்கினார். எனக்கு அப்போது அது சிரிப்பாக இருந்தது. அவர்களில் இருவர் இன்று வளைகுடா விமான நிலையங்களில் தீயணைப்பாளர்கள். ஒருவர் மூதூர்க்காரர், மற்றவர் ஈச்சிலம்பற்றுக்காரர். நோன்புப் பெருநாளுக்கும் தைப்பொங்கலுக்கும் இருவரும் எனக்கு அழைப்பெடுப்பார்கள்.

சித்திரைப் புத்தாண்டு அன்று அவர் இனிப்புச் சாப்பிடுமுன் சிறிதுநேரம் மௌனமாக நிற்பார். சமய அனுட்டானம் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது பம்பாய்க் கதையைச் சொன்னார். 1944 ஏப்ரல் 14 ஆம் திகதி பம்பாய் விக்ரோறியா துறையில் போர்ட் ஸ்ரிக்கீன் என்ற கப்பலில் தீப்பிடித்தது. ஒரே கப்பலில் பஞ்சுப் பொதிகளையும் ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட வெடிபொருட்களையும் ஏற்றியிருந்தார்கள். தீயணைப்பாளர்கள் கப்பலின் மேல் நின்று நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கையில், மாலை நான்கு மணி கழிந்தவுடன் வெடித்தது. அரை மணித்தியாலத்தில் மறுபடி வெடித்தது. 66 தீயணைப்பாளர்கள் மாண்டார்கள். இந்தியாவில் அந்த நாளையே தீயணைப்புச் சேவை தினமாக வைத்திருக்கிறார்கள். "கப்பல்ல என்ன ஏத்தியிருக்கெண்டு ஒழுங்காச் சொல்லியிருந்தா அதுகள் வேற மாதிரிப் போயிருக்கும்" என்றார். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல், கசியும் நைத்திரிக் அமிலக் கொள்கலனோடு கொழும்புக்கு வெளியே எரிந்தபோது எனக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் அப்போது இல்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை. கடல் வந்தபோது புளியமரத்தடிப் பயிற்சி எதற்கும் உதவவில்லை. உதவியது அதற்கு அடுத்த நாட்களில். உயிர்தப்பியவர்கள் தங்கியிருந்த இடத்தில் யார் யாரைத் தேடுகிறார்கள் என்று தெரியாமல் கூச்சலும் குழறலுமாக இருந்தபோது, எங்கள் பிள்ளைகள் சிலர் தாங்களாகவே வரிசையாக உட்கார்ந்து பெயர் கூப்பிடத் தொடங்கியதாகக் கேள்விப்பட்டேன். ஐயா அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

2006 இல் மாவிலாற்று மதகில் தொடங்கியது எங்கள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போனது. ஓகஸ்டில் மூதூர், தோப்பூர்ச் சனங்கள் கந்தளாய்க்கு ஓடினோம். ஈச்சிலம்பற்றுச் சனங்கள் வெருகலைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் போனார்கள். நவம்பர் 8 ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் அகதிகள் மத்தியில் செல் விழுந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தபோது ஐயா அங்கே இருந்தார். எவ்வளவோ கதை சொன்னவர் அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

சொன்னது கூடாரங்களைப் பற்றி. இடம்பெயர்ந்தோர் முகாமில் கயிறும் கயிறும் பின்னிக்கொள்ளும்படி நெருக்கிக் கூடாரங்களை அடித்திருந்தார்கள். உள்ளே அடுப்பு. ஐயா முகாம் பொறுப்பாளரிடம் போய் மினாக் கதையைச் சொல்லியிருக்கிறார். 1997 ஏப்ரல் 15 ஆம் திகதி மினாவில் எரிவாயு அடுப்பொன்றிலிருந்து பற்றிய தீ, பலத்த காற்றில் சுமார் எழுபதாயிரம் கூடாரங்களைத் தின்று, 343 ஹாஜிகள் வபாத்தானார்கள். அதற்குப் பிறகே அங்கே தீப்பற்றாத கூடாரங்கள் வந்தன. நம் வாசகர்களில் அந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போனவர்களும், போனவர்களுக்காக வீட்டில் விழித்திருந்தவர்களும் இருப்பார்கள். ஒரு சைவக்காரக் கிழவர், தமிழ் அகதி முகாமில் நின்று மினாவை உதாரணம் காட்டிக் கூடாரங்களுக்கிடையே பாதை விடச் சொன்னார் என்பதை நான் கேள்விப்பட்டபோது கந்தளாயில் ஒரு மரத்தடியில் இருந்தேன். எங்கள் முகாமிலும் அன்று மாலையே கயிறுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினோம்.

திரும்பி வந்தபோது சைக்கிள் இல்லை, பீப்பாக்கள் இல்லை, கொளுக்கி இல்லை. விசில் மட்டும் கழுத்தில் கிடந்தது. 2013 இல், எண்பதாவது வயதில், சீனி வருத்தம் முற்றிக் காலமானார். தன்னை எரிக்க வேண்டாம், புதைக்கும்படி சொல்லியிருந்தார். "என்னைக் கொளுத்தினா எழும்பி அணைச்சுப்போடுவன்" என்று மரணப் படுக்கையில் பகிடி விட்டதாக மகள் சொன்னார். தோப்பூரிலிருந்து இரண்டு வாகனங்களில் போனோம்.

அவருடைய காரியங்கள் முடிந்த பிறகு மகள் ஒரு கொப்பியை என்னிடம் தந்தார். ஈச்சிலம்பற்றையும் அயல் கிராமங்களையும் சேர்ந்த கிணறுகளின் பட்டியல். ஒவ்வொரு கிணற்றுக்கும் வளவுக்காரர் பெயர், மாரியில் எத்தனை முழம் தண்ணீர், ஆவணியில் எத்தனை முழம், வண்டில் பாதையிலிருந்து எத்தனை எட்டு. 2005 இல் பச்சை மையால் திருத்தியிருந்தார்: உவர் ஏறியவை, தூர்ந்தவை. சில பெயர்களின்மேல் ஒரு கோடு. 2008 இல் சிவப்பு மையால் மறுபடி திருத்தம், மறுபடி கோடுகள். ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்று கூட்டங்களில் பேசுகிறவர்களுக்கு அந்தக் கொப்பியைக் காட்டியிருக்கிறேன். புரட்டிப் பார்த்துவிட்டு, கிணறுதானே என்று திருப்பித் தந்தார்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமற்போனபோது கிராமங்களில் மறுபடி போத்தலில் திரி எரிந்தது. வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலை வீட்டுக்குள் கலன்களில் வைத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வீடு வீடாகப் போனபோது, சில வீடுகளில் அந்தப் பழைய மார்மைற் விளக்குகளைத் தூசு தட்டி ஏற்றியிருந்ததைக் கண்டோம். அப்போதுதான் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிணறு பார்க்கத் தொடங்கினோம். குழாய்நீர் வந்த பிறகு பல கிணறுகளைக் குப்பையால் நிரப்பியிருக்கிறார்கள், சிலவற்றின்மேல் மதில் எழும்பியிருக்கிறது. பிள்ளைகள் நீல மையில் திருத்துகிறார்கள். பாதிக்குமேல் முடிந்துவிட்டது. இலங்கைத்துறைப் பக்கத்துக் கிணறுகள் மிச்சம், மாரி தொடங்குமுன் அங்கே போக வேண்டும்.